ஒரு நிமிட ஆட்டமும் 54 வயதும்

கேள்வி: எனக்கு வயது 54. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கல்லூரி நாளில் மாவட்ட அளவில் செஸ் ஆடியிருக்கிறேன். பல வருடமாக ஆன்லைனில் ஒரு நிமிட புல்லட் ஆட்டம்தான் (முழு ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரே நிமிடம்) என் பொழுதுபோக்கு. 2016-ல் என் புல்லட் ரேட்டிங் 1950-ஐத் தொட்டது, இப்போது 1690. ஜெயித்துவிட்ட ஆட்டத்தையே டைம் முடிந்து தோற்கிறேன். எட்டாவது படிக்கும் மகனுக்கு நான்தான் செஸ் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பத்து ஆட்டம் போட்டால் எட்டில் அவன் என்னை அடிக்கிறான். என் அப்பாவுக்கு 68 வயதில் மறதி நோய் வந்தது. இது அதன் ஆரம்பமோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்கு மாதப் பணம் கட்டத் தொடங்கியிருக்கிறேன். புல்லட்டை விட்டுவிடலாமா? யூசர் நேமை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.
- வாசகர், ஈரோடு

ஈரோடு நண்பருக்கு,

செஸ் பற்றிக் கேட்பது போல ஆரம்பித்து, நடுவில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதமே அந்த ஒரு வரிக்காக எழுதியதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கும், சமீப காலமாகப் பெரியவர்களுக்கும் செஸ் சொல்லிக்கொடுப்பவன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. மறதி நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, தினம் செய்யும் கணக்கில் குழம்புவது. இதெல்லாம் பெரும்பாலும் நமக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்கும் அலுவலகத்துக்காரருக்கும் தெரிந்துவிடும். உங்கள் மனைவி அப்படி ஏதாவது சொன்னாரா? ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இதுவரை வராத தப்பு வருகிறதா? குடும்பத்தில் இருந்த நோய் என்ற பயம் மனதில் உட்கார்ந்துவிட்டதால், ஒரு முறை நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றையும் அவர் கேட்பார். ஒரு வேலை முடிந்தது. ஆனால் புல்லட் ரேட்டிங்கை ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி படிக்காதீர்கள். அது எதை அளக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

யூசர் நேம் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நீங்கள் கடைசியாகத் தோற்ற நாற்பது ஆட்டங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை நேரம் எடுத்தீர்கள் என்பது வரை அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கிறது, உங்களுக்கும் தெரியும். நாற்பதில் இருபத்து மூன்று டைமில் போனவை. அந்த இருபத்து மூன்றில் பதினான்கு ஆட்டத்தில், உங்கள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது போர்டில் நீங்கள்தான் மேலே இருந்தீர்கள்.

ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், உங்களுக்கே ஞாபகம் வரும். நீங்கள் வெள்ளை. 31-வது மூவ், ஒரு யானை அதிகம். உங்களிடம் 9 விநாடி, எதிராளியிடம் 12. போக வழியில்லாத அவருடைய குதிரை இ5 கட்டத்தில் உங்கள் சிப்பாயை வெட்டுகிறது. திருப்பி வெட்ட உங்களிடம் இருப்பது ஒரே ஒரு காய், டி4 சிப்பாய். அதற்கு 1.6 விநாடி எடுத்திருக்கிறீர்கள். அடுத்து அவர் ஒரு செக் கொடுக்கிறார். ராஜா போக ஒரே ஒரு கட்டம்தான். அதற்கு 1.4 விநாடி. 38-வது மூவில் உங்கள் நேரம் முடிகிறது. போர்டில் யானையும் மூன்று சிப்பாய்களும் உங்களுடையவை, அவருக்கு ராஜாவும் இரண்டு சிப்பாய்களும். அந்த ஏழு மூவையும் அவர் மூவுக்கு 0.1, 0.2 விநாடி என்று தள்ளியிருக்கிறார். அவர் யோசிக்கவே இல்லை, வரிசையாக பிரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே போட்டு வைக்கிற மூவ்) போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அந்த 1.6 விநாடியில் நீங்களும் ஒன்றும் யோசிக்கவில்லை, யோசிக்க அங்கே எதுவும் இல்லை. கண் பார்த்தது, மனம் 'ஆமாம்' என்றது, கை போனது. இந்த மூன்றும் முன்பு ஒரு விநாடிக்குள் முடிந்தன, இப்போது முடிவதில்லை.

இதற்கு வயதுதான் காரணமா என்றால், பெரும்பாலும் ஆமாம். ஆனால் இது 54-ல் திடீரென்று வந்தது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். செஸ் இல்லை, ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. 16 முதல் 44 வயது வரை 3,305 பேர் ஆடிய ஆட்டங்களை எடுத்து, திரையில் புதிதாக ஒன்றைப் பார்த்ததிலிருந்து முதல் செயலைச் செய்வது வரை எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். 24 வயதிலேயே அந்த நேரம் நீள ஆரம்பித்துவிடுகிறது! என் வகுப்புக்கு வரும் 26 வயது ஐ.டி. பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். ஆக நீங்கள் 2016-ல் 1950 தொட்டபோதே இருபது வருட இறக்கத்தில்தான் இருந்தீர்கள். கல்லூரி நாளில் சேர்த்த செஸ் அதை மூடி மறைத்தது.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வயதான ஆட்டக்காரர்கள் கை வேகத்தை இழந்தாலும் ஆட்டத்தை ஆடும் விதத்தை எளிமையாக்கி, குறுக்குவழி விசைகளை அதிகம் பயன்படுத்தி ஈடுகட்டுவது போலத் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

செஸ்ஸில் வயதைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்தவர் நீல் சார்னஸ் என்ற உளவியலாளர். 1981-ல் அவர் கண்டது வேடிக்கையானது. ஒரே அளவு திறமையுள்ள இளைஞரையும் முதியவரையும் உட்கார வைத்து ஒரு நிலையைக் காட்டினால், பார்த்த நிலையை ஞாபகத்திலிருந்து திரும்ப அடுக்குவதில் முதியவர் பின்தங்கினார். ஆனால் நல்ல மூவைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சீக்கிரமாகவே தேர்ந்தெடுத்தார். ஆயிரம் முறை பார்த்த அமைப்பு என்பதால், எந்த வழியில் தேட வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்டுச் சந்தோஷப்படும் முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் அவரும் உடன் வேலை செய்தவர்களும் இன்னும் சின்னதாக ஒன்றைச் சோதித்தார்கள். போர்டில் ராஜாவுக்கு செக் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அதில் திறமை எவ்வளவு இருந்தாலும் வயதின் தாமதம் மறையவில்லை. ஒரு விநாடிக்குக் கீழே போய்விட்டால் அனுபவத்துக்குப் பேச இடமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் கணக்குக்காரர், இது பிடிக்கும். இளவயதுக்காரரைவிட நீங்கள் மூவுக்குக் கால் விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 45 மூவ் ஆட்டத்தில் அது சுமார் 11 விநாடி. கையில் இருப்பதே 60. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு உட்காருகிறீர்கள். அதே 45 மூவை இரண்டு நிமிடம், மூவுக்கு ஒரு விநாடி கூடுதல் என்ற ஆட்டத்தில் ஆடினால் மொத்தம் 165 விநாடி கிடைக்கும். அதில் 11 என்பது நூற்றுக்கு ஏழு. மூன்று நிமிடம், மூவுக்கு இரண்டு விநாடி என்றால் மொத்தம் 270, இழப்பு நூற்றுக்கு நான்கு. பத்து நிமிட ஆட்டத்தில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. கை அதே கை, கண் அதே கண்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கத்தில் புல்லட்டுக்கு இரண்டு வரி கீழே இன்னோர் எண் இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. பத்து நிமிட ஆட்டத்தில் உங்கள் ரேட்டிங் 1820. 2017-ல் எவ்வளவு என்று பின்னால் போய்ப் பார்த்தேன், 1815. இடையில் ஏறி இறங்கி அங்கேயேதான் நிற்கிறது. மூளை மழுங்குகிறது என்றால் இந்த எண்ணும் சரிந்திருக்க வேண்டாமா? யோசிக்க நேரம் இருக்கும் ஆட்டம் இதுதானே! 1690-ஐ மட்டும் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக ரேபிட் போட்டியை விஸ்வநாதன் ஆனந்த் வென்றபோது அவருக்கு வயது 48. வழியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை வீழ்த்தினார். அடுத்து நடந்த பிளிட்ஸிலும் மூன்றாம் இடம். 'இதோ பார், வயதெல்லாம் சும்மா' என்று அன்றைக்கு வாட்ஸாப்பில் எல்லோரும் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். ஆனால் உலக ரேபிட் என்பது 15 நிமிடமும் மூவுக்குப் பத்து விநாடியும். உலக பிளிட்ஸ் மூன்று நிமிடமும் மூவுக்கு இரண்டு விநாடியும். கூடுதல் விநாடி இல்லாத ஒரு நிமிட ஆட்டத்தை வைத்து அங்கே யாரும் உலகப் பட்டம் கொடுப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் அந்த இரண்டு விநாடிதான் தெரிந்தவனைக் காப்பாற்றுகிறது.

இன்னொரு பக்கம் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ். 2005-ல் போட்டி ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். 2016-ல் 53 வயதில் அமெரிக்காவின் முதல் மூன்று பேரோடு பிளிட்ஸ் ஆடி 18 ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்தார், யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து வருடம் கழித்து 2021-ல் ஜாக்ரெப் நகரில் ஆடிய பிளிட்ஸில் 18-க்கு 2.5. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதே போட்டியில் 51 வயது ஆனந்த் அவரை வென்றார். இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் ஆறேழு வருடம்தான். ஆனால் ஒருவர் விடாமல் ஆடிக்கொண்டிருந்தவர், இன்னொருவர் பதினாறு வருடமாக அரசியலும் புத்தகமும் பேச்சுமாக இருந்து எப்போதாவது காயைத் தொட்டவர். வயதும் துருவும் சேர்ந்தால் இப்படி ஆகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் துரு மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆனந்தின் வேகம் எங்கிருந்து வந்தது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடும்போது, ஜெயித்தவன் நாற்காலியில் இருப்பான், தோற்றவன் எழுந்து வரிசைக்குப் போக வேண்டும். நாற்காலியை விடாமல் இருக்க வேகமாக ஆடியே பழகினார். அதெல்லாம் சாவி கொடுக்கிற கடிகாரக் காலம். மூவ் வைத்த கையாலேயே கடிகாரத்தின் தலையில் அடிக்க வேண்டும். காய் உருளும், சண்டை வரும், நேரம் முடிந்ததும் 'கொடி விழுந்துடுச்சு' என்று பக்கத்தில் நிற்பவன் கத்துவான், அவனுக்கும் திட்டு விழும். ஒரு நிமிட ஆட்டம் என்றால் பாதி நேரம் காயைப் பொறுக்கவே போய்விடும். திரைக்கு வந்த பிறகுதான் புல்லட் இவ்வளவு பெரிய பழக்கமானது.

உங்கள் எண் இறங்கியதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேட்டிங் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிட்டு வரும் எண். 2016-ல் உங்களோடு ஆடியவர்கள் வேறு கூட்டம். 2020 ஊரடங்கில் ஆன்லைன் செஸ்ஸுக்கு வந்தவர்கள் இன்றைக்கு ஆயிரக்கணக்கான புல்லட் ஆட்டம் ஆடித் தேறிவிட்டார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். இப்போது நம் ஊர்களில் தெருவுக்கொரு அகாடமி. அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ராத்திரி எங்கே ஆடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களோடுதான். (போகிற போக்கில் ஒன்று: வேகம் என்பது வயது மட்டுமே என்றால் குகேஷின் பிளிட்ஸ் ரேட்டிங் அவருடைய நீண்ட ஆட்ட ரேட்டிங்கைவிட அவ்வளவு கீழே இருக்காது. அது தனியாகப் பழக வேண்டிய வித்தை.)

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். நீங்கள் கண்ணாடி பற்றி எழுதவில்லை, ஆனால் உங்கள் வயதில் பெரும்பாலும் புரோகிரஸிவ் கண்ணாடிதான் போட்டிருப்பீர்கள். அதில் மேலே தூரம், கீழே கிட்டம், திரை பார்க்கிற தூரத்துக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் கிடைக்கும். போர்டின் மேல் மூலையைப் பார்க்கத் தலையைத் தூக்கி, கீழ் மூலைக்கு இறக்கி, ஒவ்வொரு தடவையும் கால் விநாடி போகும். எனக்கு 50 வயதில் இதே கதை. எட்டாம் வரிசையில் நிற்பது பிஷப்பா சிப்பாயா என்று தெரியாமல் ராணியை ஓசியில் கொடுத்துவிட்டு, 'நமக்கு வயதாகிவிட்டது' என்று இரண்டு மாதம் துக்கம் கொண்டாடினேன். அப்புறம் கண் டாக்டரிடம் மானிட்டர் தூரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக் கொண்டுபோய், அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி வாங்கினேன். காய் வடிவத்தையும் பளிச்சென்று வேறுபடுகிற மாதிரி மாற்றினேன். அழகான மரப் போர்டு படமெல்லாம் புல்லட்டுக்கு ஆகாது. ராணியை ஓசியில் கொடுப்பது நின்றது, முழுசாக நின்றதென்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது போன். நீங்கள் புல்லட் ஆடுவது படுக்கையில் படுத்துக்கொண்டு போனில் என்று ஆட்ட நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ராத்திரி 11-க்குத் தொடங்கி 1 மணி வரை. உங்கள் கட்டை விரல் போர்டின் நான்கு கட்டத்தை மறைக்கும். நல்ல மவுஸ் ஒன்று வாங்கி மேஜையில் உட்கார்ந்து ஆடுங்கள், லேப்டாப்பின் டச்பேட் வேண்டாம். காயை இழுத்துப் போடுவதா, காயையும் கட்டத்தையும் இரண்டு கிளிக்கில் தொடுவதா என்று இரண்டையும் பத்துப் பத்து ஆட்டம் ஆடிப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்பாய் கடைசி வரிசை தொட்டதும் தானாக ராணி ஆகிற மாதிரி அமைத்துவிடுங்கள். நீங்கள் அமைக்கவில்லை. ஒரு ஆட்டத்தில் ராணியா யானையா என்று அது கேட்க, நீங்கள் விழித்த 2 விநாடியில் ஆட்டம் போனது.

பிரீமூவ்தான் பெரிய விஷயம். அதை ஏமாற்று வேலை என்று நினைக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் நாற்பது ஆட்டத்தில் நீங்கள் போட்ட பிரீமூவ் விரல் விட்டு எண்ணக்கூடியது. எதிராளி மூவ் வைக்கும் முன்பே நம் மூவைப் போட்டு வைப்பது. லிச்செஸ் தளத்தில் அதற்கு நேரமே குறையாது, செஸ்.காம் தளத்தில் பத்தில் ஒரு விநாடி குறையும். நம்மைப் போன்றவர்களுக்குக் கடவுள் கொடுத்த வரம் இது. கால் விநாடித் தாமதம் முழுவதையும் துடைத்துவிடுகிறது. எல்லா இடத்திலும் போட வேண்டாம், போட்டால் காயைச் சும்மா கொடுத்துவிடுவீர்கள். திருப்பி வெட்ட ஒரே வழி இருக்கும் இடம், ராஜாவுக்கு ஒரே கட்டம் இருக்கும் இடம், ஓப்பனிங்கின் முதல் ஐந்தாறு மூவ், காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில் எதிராளி எது ஆடினாலும் உங்கள் சிப்பாய் ஓடுகிற இடம். இந்த நான்கு போதும். மேலே சொன்ன ஆட்டத்தில் டி4-இ5-ஐ முன்பே போட்டு வைத்திருந்தால் 1.6 விநாடி கையில் நின்றிருக்கும்.

ஓப்பனிங்கில் ஒரு சங்கடமான யோசனை. கருப்புக்கு நீங்கள் நைடார்ஃப் என்ற சிக்கலான ஓப்பனிங் ஆடுகிறீர்கள், கல்லூரிக் காலத்துக் காதல் போல. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆறாவது ஏழாவது மூவில் 3, 4 விநாடி நிற்கிறீர்கள். எதிராளி ஆறு வழியில் ஏதாவது ஒன்றைப் போடுகிறான், நீங்கள் 'இதற்கு என்ன, இதற்கு என்ன' என்று தேடுகிறீர்கள். பத்து நிமிட ஆட்டத்தில் தாராளமாக ஆடுங்கள். புல்லட்டுக்கு மட்டும், எதிராளி எதை ஆடினாலும் நம் காய்கள் ஏறக்குறைய அதே இடத்துக்குப் போகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு லண்டன், கருப்புக்குக் காரோ-கான். லண்டன் ஆடுகிறேன் என்று தெரிந்தால் என் பழைய கிளப் நண்பர்கள் என்னோடு டீ குடிக்க மாட்டார்கள். இருந்தாலும் ராத்திரியில் ரகசியமாக ஆடுகிறேன்.

எத்தனை ஆட்டம், எந்த நேரம் என்பதும் உண்டு. இரவு 12-க்கு மேல் ஆடியதைத் தனியாகப் பார்த்தால் உங்கள் சரிவில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒன்றில் தோற்றால் அடுத்ததில் எடுத்துவிடலாம் என்று பதினொரு ஆட்டம் தொடர்ந்து தோற்ற ராத்திரி ஒன்று இருக்கிறது. இருபது வயதுக்காரன் அப்படி ஆடிவிட்டு மறுநாள் எழுந்து கல்லூரிக்குப் போவான். தூக்கம் கெட்டால் நமக்கு முதலில் போவது இந்தக் கால் விநாடிதான். தொடர்ந்து மூன்று தோற்றால் மூடிவிடுங்கள். சளிக்கு மாத்திரை போட்ட நாளில் ஆடவே ஆடாதீர்கள், அது தூங்க வைக்கும்.

புல்லட்டை விட வேண்டியதில்லை. ஆனால் அதைப் பிரதான ஆட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். ஒரு மாதம் இரண்டு நிமிடம், கூடுதல் ஒரு விநாடி ஆடிப் பாருங்கள். அதுவும் புல்லட் கணக்கில்தான் சேரும், அதே பரபரப்புதான், ஆனால் யானை அதிகம் வைத்திருக்கிறவன் ஜெயிப்பான். ஒரு நிமிடத்தை வாரம் ஒரு நாள் பட்டாசு வெடிப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். 1950 திரும்ப வருமா? ஒரு நிமிட ஆட்டத்தில் வராது என்றே நினைக்கிறேன். மேலே சொன்னதையெல்லாம் செய்தால் 1780, 1800 வரலாம் என்பது என் மதிப்பீடு, தவறினால் எனக்கு எழுதித் திட்டுங்கள்.

மகன் விஷயம். பத்தில் எட்டு என்பது ரேட்டிங் கணக்கில் சுமார் 240 புள்ளி. 1690-ஓடு கூட்டினால் 1930. அதாவது 2016-ல் உச்சத்தில் இருந்த நீங்களே இன்று வந்து அவனோடு உட்கார்ந்தாலும் சரிக்குச் சரிதான் ஆட்டம் போகும். உங்கள் இறக்கத்தைவிட அவன் ஏற்றம் இதில் அதிகம். அவனைப் பத்து நிமிட ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். யானை எண்ட்கேம் ஒன்றில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள், பிள்ளைகள் பலர் அதில் பொறுமையாக நிற்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் மதிப்பெண்ணைத் திறக்கும் முன்பு, இரண்டு பேரும் அஞ்சு நிமிடம் போர்டைப் பார்த்துப் பேசுங்கள். அவனுக்கு பிரீமூவ் எங்கே போடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக அந்த மூளைப் பயிற்சி ஆப். அதில் தினம் ஆடினால் அந்த ஆப்பில் இருக்கும் விளையாட்டில் தேறுவீர்கள், அது நிச்சயம். அதைத் தாண்டி அன்றாட வேலைக்கோ செஸ்ஸுக்கோ பெரிதாகப் பயன்பட்டதாக ஆதாரம் மெலிவு. 2016-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், லூமாசிட்டி என்ற பிரபலமான மூளைப் பயிற்சி விளையாட்டை நடத்திய நிறுவனம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததென்று வழக்குப் போட்டு, இருபது லட்சம் டாலர் கட்ட வைத்தது. நீங்கள் கட்டுவது அதற்கா வேறெதற்கா என்று எழுதவில்லை. எதுவானாலும் அடுத்த மாதப் பணம் தானாகப் பிடிக்கும் முன் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மவுஸ் வாங்கலாம்.